கருப்புக்கு வைத்த சுருட்டு

என் வீட்டுக்காரருக்கு வலது கால் சுண்டுவிரலை எடுத்துக் கட்டுப் போட்ட மறுநாள், டாக்டர் சுபலட்சுமி எங்கள் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசினார். இது சர்க்கரையால் வந்த புண் இல்லை, சிகரெட்டால் வந்தது என்றார். புகை போகப் போகக் காலுக்கு ரத்தம் போகிற குழாய் சுருங்கி அடைத்துக்கொள்கிறதாம். அடியோடு விட்டால் மிச்சப் பாதம் நிற்கும். விடாவிட்டால் அடுத்தது கட்டைவிரல், அதற்கடுத்து பாதம், அதோடும் நிற்காது. இதற்கென்று பெரிய மருந்து எதுவும் இல்லை, விடுவதுதான் மருந்து என்று முடித்தார்.

"ஒண்ணு ரெண்டு குடிச்சுக்கிட்டா?" என்று இவர் கேட்டார்.

விரல் போன வலி இன்னும் அடங்கவில்லை. அந்த வலியோடு அதைத்தான் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல, அரையும் இல்ல. பீடி, சுருட்டு, புகையிலை, பொடி எதுவும் கூடாது. காலு வேணுமா, அது வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க" என்றார் டாக்டர்.

இவர் பெயர் வீரணன். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். வாடிப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளியும் கத்திரிக்காயும் ஏற்றி மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. பிரேக்கை மிதிப்பது வலது கால். ஆகவே இதில் முடிவு பண்ண என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். வீட்டுக்கு அனுப்பிய அன்று ஆஸ்பத்திரி வாசலில் சட்டைப்பையிலிருந்த பாக்கெட்டை அவரே எடுத்து, நசுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். போட்ட பிறகு, நொண்டிக்கொண்டு பஸ் ஏறும்வரைக்கும் அந்தத் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

விடுவதற்கு என்னென்ன வழி உண்டோ அவ்வளவையும் செய்து பார்த்தோம். முதலில் வாயில் எதையாவது போட்டுக்கொள்வது. நெல்லிக்காய், கிராம்பு, ஓமம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். நாக்கு வெந்து போனதே தவிர ஆசை போகவில்லை. அவருடைய தம்பி மருது மெடிக்கலில் விசாரித்து, சிகரெட்டை விடுகிறவர்கள் மெல்லுவதற்கென்றே விற்கிற ஒரு மிட்டாயை வாங்கி வந்தார். அதை மென்றதும் இவர் முகம் தெளிந்துவிட்டது. அடுத்த முறை போகும்போது அதை டாக்டரிடம் காட்டினேன். மற்றவர்களுக்கு இது நல்லதுதான், இவருக்கு மட்டும் ஆகாது, குழாயைச் சுருக்குகிற அதே சமாச்சாரம் இதிலும் இருக்கிறது என்று சொல்லி அட்டையை மடக்கி வைத்துவிட்டார். ஊரில் எல்லோருக்கும் உள்ள வழிகூட எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியிலேயே ஆலோசனை சொல்வதற்கு ஒருவர் இருந்தார். ஆசை வரும்போது தண்ணீர் குடியுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், கொஞ்ச நேரம் தள்ளிப் போடுங்கள், வந்தது தானாகப் போய்விடும் என்றார். வீட்டில் இருக்கிற நாளில் அது பலித்தது. மார்க்கெட்டில் பலிக்கவில்லை. லோடு இறங்கும்வரை டிரைவர்கள் கூடி நிற்கிற இடத்தில் நல்ல மூச்சுக்கு எங்கே போவது? கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்கு வருவார். வாயில் கொய்யா வாசம்தான் அடிக்கும். சோறு பிசைகிற விரலில் அடிக்கிற சிகரெட் வாடை காட்டிக் கொடுத்துவிடும்.

கேட்டால் முதலில் இல்லை என்பார். அப்புறம் தட்டைத் தள்ளிவிடுவார். அப்புறம் கண் கலங்கும். "நான் என்ன வேணும்னா செய்யிறேன்? கை தன்னால போகுது கிளி" என்பார். என் முழுப்பெயர் செல்லக்கிளி. கோபத்தில் இருந்தாலும் கிளி என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் மகள் பவதாரிணியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். சோழவந்தானில் ரயில் கேட் அடைத்து வண்டிகள் நின்ற ஒரு காலை நேரத்தில் அந்தச் சத்தியம் போனது. போனதை அவரே வந்து மகளிடம் சொன்னார். அதற்குப் பிறகு அப்பா பக்கத்தில் வந்தால் அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அவருக்கு அது விரலை எடுத்ததைவிட வலித்தது என்று எனக்குத் தெரியும். அந்த வலிக்கும் போய் ஒரு சிகரெட் குடித்தார்.

பிறகு நான் கடைகளுக்கு இறங்கினேன். எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கிலிருந்து வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டு வரை வழியில் இருந்த பெட்டிக்கடை ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு கடையிலும் நின்று, இவர் கால் விஷயத்தைச் சொல்லி, என்ன கேட்டாலும் சிகரெட் மட்டும் கொடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சிலர் சரி என்றார்கள். சிலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். விலக்கில் கடை வைத்திருக்கிற ராமக்காள் மட்டும்தான் உள்ளதைச் சொன்னது.

"நான் குடுக்கலைன்னா எதுத்த கடையில வாங்குவான். எங்கிட்ட வாங்குனா நீ வந்து கேக்கும்போது ஒளிக்காமச் சொல்லுவேன். உனக்கு எது வேணும், சொல்லு."

அன்று சாயங்காலமே கடைக்காரர்கள் இவரைப் பிடித்துக்கொண்டார்கள். "வீரண்ணே, வீட்ல லெட்டர் வாங்கியாங்க, தாரோம்" என்று ஒருவர் சொல்ல, நின்றவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். வந்து என்னிடம் கத்தவில்லை. சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எங்களைத் தெரியாத ஊர்க் கடைகளில் வாங்கினார்.

ஐப்பசி மழையில் கட்டைவிரல் நுனி நீலம் பாரித்தது. டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் குடிக்கிறீங்க" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் எனக்குக் கயிறு கட்டுகிற யோசனை வந்தது.

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் கருப்பசாமி முன்னால் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி கற்பூரம் கொளுத்தி, கறுப்புக் கயிற்றை மந்திரித்து வலது மணிக்கட்டில் கட்டுவார். கயிறு கையில் இருக்கிறவரை தொட்டால் கருப்பு சும்மா விடாது என்று பயம். சாராயத்தை அப்படி விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். சாராயத்துக்குப் பலிப்பது சிகரெட்டுக்குப் பலிக்காதா என்று நினைத்தேன். அதிலும் இவர் சாதாரண ஆள் இல்லை. கண்மாய்க் கரையில் இருக்கிற எங்கள் குலசாமி கருப்புக்கு இவர்தான் சாமியாடி. இவர் அப்பா செத்த பிறகு கருப்பு இவர் மேல்தான் இறங்கியது. வருஷத்தில் ஒரு முறை, சிவராத்திரிக்கு மறுநாள் உச்சிப் பொழுதில், பங்காளிகள் எல்லோரும் கூடி நிற்க, இவர் இடுப்பில் சலங்கை கட்டி அரிவாளோடு வந்து வாக்குச் சொல்லுவார். தன் உடம்பிலேயே வருகிற சாமிக்கு இவர் பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்கள்?

பூசாரி காளை எனக்குப் பெரிய மாமனார் முறை. விஷயத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். கயிற்றைக் கட்டி முடிச்சுப் போடும்போது பூசாரி என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"இவன் குடிக்கக் கூடாது, அம்புட்டுத்தான். சாமி குடிக்கிறது சாமி கணக்கு. அத இதுல சேக்கக் கூடாது, ஆமா."

கருப்புக்குச் சுருட்டு வைப்பது வழக்கம். சாமி இறங்கியதும் பற்ற வைத்துக் கொடுப்பார்கள். அது வாயில் புகைந்தால்தான் கருப்பு வாய் திறக்கும். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் பூசாரி சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டினேன்.

கயிறு பலித்தது. நானே நம்பவில்லை. தினமும் விரலை முகர்ந்து பார்ப்பேன், இவரும் காட்டுவார். மார்க்கெட்டில் யாராவது நீட்டினால் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுகிறார் என்று மருது வந்து சொன்னார். கார்த்திகை போய் மார்கழி போனது. கட்டைவிரலில் நீலம் வெளுத்து, தோல் நிறம் திரும்பியது. டாக்டர் இவர் தோளில் தட்டிக் கொடுத்தார். பவதாரிணி ஒருநாள் கணக்குப் போடுகிற நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, அப்பா முதுகில் சாய்ந்துகொண்டே எழுதினாள். இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மாசி பிறந்ததும் இவருக்கு ஒரு கலகலப்பு வந்தது. வண்டியைக் கழுவினார், பாட்டுப் பாடினார். கோயில் கும்பிடு வருகிறதல்லவா, அந்தச் சந்தோஷம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மருது சாமான் வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கி வைத்தார். தேங்காய், பழம், சந்தனம், ஒரு கட்டுச் சுருட்டு. நான் அடுப்படியில் இருந்தேன்.

"காஞ்சதா பாத்து வாங்குனியாடா?" என்று இவர் கேட்டது காதில் விழுந்தது. "போன வருசம் நமத்துப் போயி பத்தவே இல்ல."

எட்டிப் பார்த்தேன். ஒரு சுருட்டைக் காதருகே வைத்து விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு உதட்டைத் தடவியது. கயிற்றுக்குப் பயந்து இவர் இத்தனை மாதம் இருக்கவில்லை. கடைசியில் ஒரு சுருட்டு இருக்கிறது என்ற நினைப்பில்தான் இருந்திருக்கிறார். யாரிடம் காவல் கேட்டேனோ, அந்தக் கருப்பிடம்தான் சுருட்டும் இருந்தது.

அன்றே இவரிடம் கேட்டேன், இந்த வருஷம் மருது ஆடட்டுமே என்று.

"சாமி என்ன டூட்டி மாத்துற வேலையா?" என்றார். "குடிக்கிறது நானில்ல கிளி. எனக்கு நெனவே இருக்காது. உனக்குத் தெரியாதா?"

டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். கேட்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. சாமி விஷயம் எனக்குத் தெரியாதும்மா, புகை யார் நெஞ்சுக்குள்ள போகுதுன்னு மட்டும் பாருங்க என்றார். பூசாரி மாமாவிடம் போய், சுருட்டைப் பற்ற வைக்காமல் பீடத்தில் வைத்துவிடலாமா என்று கெஞ்சினேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, "கேட்டீகளா, கருப்புக்கு டாக்டரம்மா சீட்டு எழுதிக் குடுத்திருக்காக" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வாக்குக் கேட்க எத்தனை குடும்பம் காத்திருக்கிறது, ஒரு பொம்பளை பேச்சுக்காக வழக்கத்தை மாற்ற முடியாது, சாமி குடித்துச் சாமியாடிக்குக் கேடு வந்ததாகச் சரித்திரமே இல்லை என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

கும்பிடு நாள் வந்தது. நல்ல வெயில். கண்மாயில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. பொங்கல் பானைகளை இறக்கி, படையல் போட்டு, உறுமி அடிக்க ஆரம்பித்தார்கள். இவர் குளித்து, செருப்பில்லாமல், அந்த விரலில்லாத காலோடு வந்து நின்றார். உறுமிச் சத்தம் ஏற ஏற உடம்பு குலுங்கியது. கண் மேலே செருகியது. சலங்கை அதிர ஒரு சத்தம் போட்டார். சாமி வந்துவிட்டது. அது பொய்யில்லை. எனக்குக் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பார்க்கிறேன், எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பூசாரி சுருட்டைப் பற்ற வைத்து நீட்டினார். அரிவாளை ஒரு கையில் பிடித்தபடி கருப்பு அதை வாங்கியது. எப்போதும் போல வாயோரத்தில் வைத்து, குப் குப்பென்று ஊதியது. புகை வாயிலிருந்து அப்படியே வெளியே வந்தது. உள்ளே போகவில்லை. நான் வேறு எதையும் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உறுமி நின்றது. தங்கப்பொண்ணு சின்ன அத்தை முன்னால் வந்து, மகளுக்கு இந்த வருஷமாவது கல்யாணம் கூடுமா என்று கேட்டது.

பதில் வரவில்லை. கருப்பு மறுபடியும் சுருட்டை வாயில் வைத்தது.

இப்போது கன்னம் உள்ளே ஒட்டியது. நெஞ்சு மெதுவாக ஏறியது. செருகியிருந்த கண் இறங்கி, இதமாக மூடிக்கொண்டது. மூச்சை அப்படியே பிடித்து வைத்து, பிறகு மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். தோள் இரண்டும் தளர்ந்தன. காலையில் டீக்கடை வாசலில் வண்டிமேல் சாய்ந்துகொண்டு முதல் சிகரெட்டை இழுக்கும்போது இவர் தோள் இப்படித்தான் தளரும்.

"சாமி, பிள்ள கேக்குதுல்ல, வாக்குச் சொல்லு" என்றார் பூசாரி.

அடுத்த இழுப்பு. அதுவும் உள்ளே போனது.

சுற்றிலும் கும்பிட்ட கைகள். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். யாரும் கவனிக்கவில்லை, கவனித்தாலும் அவர்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் இவர் மானம் போகும். திறக்காவிட்டால் கால் போகும். சுருட்டு பாதிகூட எரியவில்லை, வாங்கி வந்த கட்டுக்குள் இன்னும் சுருட்டு மிச்சம் இருந்தது.

"ஏங்க" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னேன். சாமி இறங்கி நிற்கும்போது பெற்ற தாய்கூட அப்பா, சாமி என்றுதான் பேச வேண்டும். யாரும் ஏங்க என்று கூப்பிட்டதில்லை.

அவர் கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார்.

"ம்?" என்றார்.

வீட்டில் கேட்கிற அதே "ம்". முன்வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பின்னால் யாரோ ஒரு பையன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். தங்கப்பொண்ணு சின்ன அத்தை என்னைப் பார்த்து, "குடும்பத்தக் கெடுக்க வந்தவளே" என்று ஆரம்பித்தது. மருது என் கிட்டே வந்து, "என்ன மதினி இப்பிடிப் பண்ணிட்டீக" என்று அழுகிற குரலில் கேட்டார். பூசாரியின் முகம் கறுத்துவிட்டது. இவர் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அதைக் கீழே போட்டார். அரிவாளைப் பீடத்தில் சாய்த்து வைத்தார்.

"அவளத் திட்டாதீக" என்றார். "சாமி வந்துச்சு பெரியப்பா. சத்தியமா வந்துச்சு. ரெண்டு ஊதுல மலையேறிருச்சு. அப்புறம் குடிச்சது நாந்தேன்."

இடுப்புச் சலங்கையை அவரே அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, யாரும் உதவிக்கு வரவில்லை. அவிழ்த்து முடித்துப் பூசாரி கையில் கொடுத்து, இனி தனக்கு வேண்டாம், மருதுக்கு வந்தால் வரட்டும் என்றார். பூசாரி சலங்கையை வாங்கிக்கொண்டு, இவர் மணிக்கட்டைப் பிடித்து, அரிவாள் நுனியால் கயிற்றை அறுத்தார். சாமி முன்னால் பொய்யாக நின்றவன் கையில் இது இனி நிற்காது என்றார். கயிறு மண்ணில் விழுந்தது.

நான் இவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து, கண்மாய்க் கரையில் கருவேல மரத்தடியில் உட்கார வைத்தேன். பாதத்தைத் துடைத்துப் பார்த்தேன். வெயிலில் நின்ற கால், தொட்டதற்குச் சில்லென்று இருந்தது. பவதாரிணி தூரத்தில் பொங்கல் பானைகளுக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இவர் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். நான் முதுகைத் தடவினேன். எங்கள் பங்காளிகளில் இன்றைக்கு நடந்தது தலைமுறைக்கும் பேசப்படும். இவர் அப்பா பேரையும் சேர்த்துப் பேசுவார்கள். ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று, சாமி எங்கேயும் போய்விடாது, மனதில் இருந்தால் போதும் என்றேன்.

"சாமி போனதுக்கு அழுகல கிளி" என்றார். துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். "இம்புட்டு ஆன பெறகும் இன்னொண்ணு இழுக்கணும் போல இருக்கு. கீழ போட்டேன்ல, அதப் போயி எடுத்துருவேனோன்னு பயமா இருக்கு. அதுக்குத்தேன் அழுகுறேன். என்னயப் பிடிச்சுக்க."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கோயிலில் மறுபடியும் உறுமி அடிக்க ஆரம்பித்தார்கள். வாக்குக் கேட்க வந்தவர்கள் யாரும் போகவில்லை. சலங்கைச் சத்தம் கேட்டது. மருது மேல் கருப்பு இறங்கியிருக்க வேண்டும், ஒரு குலவை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் காற்றோடு சுருட்டு வாசம் வந்தது. இவர் உடம்பு என் பிடிக்குள் விறைத்தது. முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

எழுப்பி நிறுத்தி, மரத்துக்கு மறுபக்கமாக, காற்று வராத இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன். மூச்சை இழுத்து விடுங்க என்றேன். இழுத்து விட்டார். இன்னொரு தரம் என்றேன். அதையும் செய்தார். என் கையில் அவர் நகம் பதிந்திருந்தது.

காற்று சுழன்று வீசியது. வாசம் அங்கேயும் வந்தது. அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் எழுந்தேன்.